உன் நைனாவின் கையெழுத்து

பாஸ்கரா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். போன வாரம் வந்தபோதே பார்த்தேன், கன்னமெல்லாம் பளபளவென்று இருந்தது. மாட்டிக்கொண்டவன் முகம் அப்படி இருக்காது. தனக்குப் பதிலாக மாட்டிவிட ஓர் ஆளைக் கண்டுபிடித்துவிட்டவன் முகம்தான் அப்படி இருக்கும். கோபத்தில் ஏதோ உளறுகிறாள் என்று நினைக்காதே. அந்தப் பளபளப்பு ஒரு காலத்தில் என் முகத்திலும் இருந்தது. பீரோக் கண்ணாடியில் நானே பார்த்திருக்கிறேன்.

வருகிற திங்கட்கிழமை பதினொரு மணிக்கு நீ ஆடிட்டர் சங்கத்து விசாரணைக் குழுவின் முன்னால் போய் உட்காரப் போகிறாய். ஒரு கம்பெனி நடத்தாத வியாபாரத்தை நடத்தியதாக நீ சான்று கொடுத்தாய். அதை நம்பி வங்கி கடன் கொடுத்தது. கடன் வாங்கினவன் ஆளைக் காணோம். சான்றில் இருப்பது உன் டிஜிட்டல் கையெழுத்து. “அதை நான் போடவில்லை, என் ஆபீஸில் இருக்கும் கலைவாணி எனக்குத் தெரியாமல் போட்டுவிட்டாள்” என்று திங்கட்கிழமை நீ சொல்லப் போகிறாய். பதினொரு வருடமாக அரக்கோணத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து உன் ஆபீஸைத் திறந்து விளக்கேற்றுகிற கலைவாணி. நீ அப்படிச் சொன்னால் உன் பட்டம் பிழைக்கும், அவளைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, ஏனென்றால் இது எப்படி நடக்கும் என்று நான் முழுக்கப் பார்த்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை நீ இரண்டாவதாகப் படிக்கிறாய். முதலில் படித்தவள் அவள்தான். நம் வீட்டில் மூடி ஒட்டின உறைகள் இதுவரை இருந்தது போதும்.

ஆடிக் கிருத்திகைக்கு நீ இங்கே வந்திருந்தபோது நடந்ததை நீ மறந்திருக்கலாம். மலைக்கோயிலில் கூட்டம் தாங்காது என்று நீ வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாய். தெருவில் புஷ்பக் காவடிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அரோகரா சத்தத்தில் எதிரில் இருப்பவர் பேசுவதே காதில் விழவில்லை. அதனால்தான் போன் வந்ததும் ஸ்பீக்கரில் போட்டாய். சாப்பாட்டு மேசையில் லேப்டாப் திறந்திருந்தது. அதன் பக்கவாட்டில் அந்த விரலளவு பென் டிரைவ் செருகியிருந்தது. டிஎஸ்சி என்பீர்களே, அதுதான். அதைச் செருகி பாஸ்வேர்டை அடித்தால் உன் கையெழுத்து தானாக விழும். பாஸ்வேர்டை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அதன் மேலேயே ஒட்டியிருந்தார்கள். போனில் கலைவாணி. “சார், வேணாம் சார். அந்த ரெண்டு கம்பெனியும் ஒரே அட்ரஸ் சார். இவன் அவனுக்கு பில்லு போடறான், அவன் இவனுக்குத் திருப்பிப் போடறான். சரக்கே நகரல சார். பில்லுல இருந்த லாரி நம்பர போட்டுப் பாத்தேன், அது ஸ்கூட்டர் நம்பர் சார்” என்றாள். “உன்ன யாரு லாரி நம்பரெல்லாம் பாக்கச் சொன்னது? ஃபைலை அனுப்பிட்டு உன் வேலையப் பாரு. நான் போட்டுக்கறேன்” என்றாய். உன் வலது கையில் ரசம் சாதம். இடது கை ஒற்றை விரலால் பாஸ்வேர்டை அடித்தாய். அடித்துக்கொண்டே என் பக்கம் திரும்பாமல் “அம்மா, அப்பளம்” என்றாய். நான் கொண்டு வந்து வைத்தேன்.

அந்த டிஎஸ்சி மற்ற நாளெல்லாம் கலைவாணியின் மேசை டிராயரில்தான் இருக்கும். பாஸ்வேர்டு அவள் கைப்பட எழுதியது. உனக்கு நேரமில்லை என்பதால் நூறு சான்றுகளுக்கு நீ சொல்லி அவள்தான் செருகி அடித்திருக்கிறாள். எல்லா ஆபீஸிலும் இதுதான் வழக்கம் என்று நீ சொல்வாய், நானும் மறுக்கவில்லை. அந்த வழக்கம்தான் இப்போது உனக்குக் கை கொடுக்கிறது. நூறு முறை போட்டவள் நூற்று ஒன்றாவது முறையும் போட்டிருப்பாள் என்று யார் வேண்டுமானாலும் நம்புவார்கள். போன வாரம் வந்து என்னிடம் என்ன சொன்னாய்? “விசாரணைல இருந்து யாராச்சும் உனக்கு போன் பண்ணா, ஆடிக் கிருத்திகைக்கு நான் லேப்டாப்பே எடுத்துகினு வரலன்னு சொல்லிடும்மா. வேற எது கேட்டாலும் எனக்குக் கணக்கு வழக்கு தெரியாதுன்னு சொல்லிடு. உனக்குத்தான் தெரியாதே.” சொல்லிவிட்டு என் தோளைத் தட்டிக் கொடுத்தாய். எனக்குச் சிரிப்பு வந்தது. நீ அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டு காரில் ஏறினாய்.

எனக்குக் கணக்கு தெரியாது என்று உனக்கு யார் சொன்னது? நான்தான் சொன்னேன். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் நம் வீட்டு முன்னறையில், நான்கு பேர் கேட்க, உரக்கச் சொன்னேன். அதை ஊர் நம்பியது, போலீஸ் நம்பியது, கடைசியில் என் வயிற்றில் பிறந்த நீயும் நம்பிவிட்டாய். நான் பி.காம். படித்தவள் என்பது உனக்கு ஒரு காலத்தில் தெரிந்திருக்கும். இப்போது ஞாபகம் இருக்காது.

உன் ஆபீஸ் சுவரில் உன் நைனா படத்துக்குச் சந்தன மாலை போட்டு வைத்திருக்கிறாய். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களை அந்தப் படத்தின் முன்னால் நிறுத்திக் கதை சொல்வாயாமே. நேர்மையான ஆடிட்டர், வாதம் வந்து படுத்தார், அந்த நேரம் பார்த்து முனிரத்தினம் என்கிற குமாஸ்தா அவர் கையெழுத்தைப் போட்டு அவர் தொழிலையே முடித்துவிட்டான் என்று. கலைவாணிதான் சொன்னாள். அவளையும் பதினொரு வருடத்துக்கு முன் அங்கே நிறுத்தித்தான் சொல்லியிருக்கிறாய். கேள். முனிரத்தினம் ஒரு கையெழுத்தும் போடவில்லை. மூன்று வருடம் உன் நைனாவின் கையெழுத்தைப் போட்டவள் நான்.

நீ சென்னையில் ஹாஸ்டலில் சேர்ந்து படிக்கத் தொடங்கிய வருடம் அவருக்கு வாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. கால் போனதை ஊருக்குச் சொன்னோம், கை போனதைச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட முடியாத ஆடிட்டரிடம் யார் வருவார்கள்? நெல் மண்டிக்காரரும் நகைக் கடைக்காரரும் பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர்களும் ஒரே மாதத்தில் அரக்கோணத்துக்கு வேறு ஆளைத் தேடிப் போயிருப்பார்கள். அதனால் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, வலது கைமேல் சால்வையைப் போர்த்தி வைப்பேன். வந்தவர்கள் நலம் விசாரித்துவிட்டு ஃபைலை வைத்துவிட்டுப் போவார்கள். முனிரத்தினம் கணக்கை எழுதுவார். திருவாலங்காட்டில் கரும்பு வெட்டுகிற குடும்பத்தில் பிறந்தவர், அவர் கைக்கு ஈடாக எழுத இந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. அந்தக் காலத்தில் நான் அவரை அவன் இவன் என்றுதான் பேசுவேன். இப்போது எழுதும்போது அவர் என்று வருகிறது. இந்த மரியாதையை வைத்துக்கொண்டு அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

மத்தியானம் உன் நைனா தூங்கும் நேரம், கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம் அவர் கையெழுத்தை எழுதிப் பழகினேன். முதலில் ஒரு கொக்கி, நடுவில் நீண்ட அலை, கடைசியில் கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. பத்து நாளில் வந்துவிட்டது. முனிரத்தினம் எழுதி வைத்ததை நான் வரிவரியாகச் சரிபார்ப்பேன், அவர் தப்பு விட்ட இடத்தைக் கண்டுபிடிப்பேன், பிறகு கையெழுத்துப் போடுவேன். குடும்பத்துக்காகப் போட்டேன், உன் படிப்புக்காகப் போட்டேன் என்று இங்கே எழுதினால் உனக்கு என்மேல் இரக்கம் வரும். அது வேண்டாம். எனக்கு அது பிடித்திருந்தது. அதுவரை என் வாழ்க்கையில் நான் எழுதினதை நம்பி யாரும் எதையும் செய்ததில்லை. நான் போட்ட கொக்கியையும் அலையையும் பார்த்து வங்கிக்காரன் கதவைத் திறந்தான். அந்த ருசி எனக்குத் தெரியும், அதனால்தான் உன் ருசியும் எனக்குத் தெரிகிறது.

மூன்றாவது வருடம் பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு விசைத்தறி முதலாளி வந்தார். குடோன் நிறைய லுங்கி இருப்பதாகக் கணக்கு, அதைக் காட்டி வங்கியில் கடன். உன் நைனா கைகால் நன்றாக இருந்த நாளில் இப்படிப்பட்ட கணக்குக்கு நேரில் போவார். அடுக்கி வைத்த துணி மூட்டைகளில், பேல் என்பார்கள், வெளி வரிசையைத் தொடவே மாட்டார். உள்ளே கையை விட்டு நடுவில் இருப்பதை இழுத்துப் போட்டு, தைத்த சாக்கைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் இருப்பு என்று எழுதுவார். நான் எப்படிப் போவேன்? ஆடிட்டர் பெண்டாட்டி குடோனில் பேல் எண்ணுகிறாள் என்றால் மறுநாளே எல்லாம் வெளியில் வந்துவிடும். முதலாளி முன்னறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். உனக்குக் கோச்சிங் வகுப்புக்குப் பணம் கட்ட இரண்டு நாள்தான் இருந்தது. முனிரத்தினம் சமையலறை வாசல் வரை வந்து மெதுவாகச் சொன்னார். “அம்மா, குடோனப் பாக்காம போடாதீங்க. அந்த ஆளு முழியே சரியில்ல. நான் சைக்கிள்ல போயி பாத்துட்டு வந்துடறேன். ஒரு நாள் டைம் குடுங்க.” நான் சொன்னது இது: “நீ கணக்க எழுது முனிரத்தினம். கையெழுத்து என் வேலை.”

அவர் கேட்டது ஒரு நாள். பாஸ்கரா, இந்தத் தொழிலில் உனக்கு நான் சொல்ல ஏதாவது இருக்கிறது என்றால் இது ஒன்றுதான். தப்பு உன்னிடம் வரும்போது திருட்டு மாதிரி வராது. உன்னைவிடக் குறைந்த சம்பளம் வாங்குகிற ஓர் ஆள் “கொஞ்சம் பாத்துடலாமே” என்று சொல்வான். நீ எரிச்சல்படுவாய். அவ்வளவுதான், வேலை முடிந்தது. எனக்கு முனிரத்தினம் சொன்னார். உனக்குக் கலைவாணி ஸ்கூட்டர் நம்பரோடு சொன்னாள். இரண்டு பேருக்கும் நாம் சொன்ன பதில்கூட ஒன்றேதான்.

குடோனில் வெளி வரிசை மட்டும் லுங்கி. உள்ளே இருந்த பேல்களில் கழிவு நூலைத் திணித்துத் தைத்திருந்தார்கள். முதலாளி குடும்பத்தோடு இரவோடு இரவாக மாநில எல்லையைத் தாண்டிவிட்டார். வீட்டில் தறி வைத்து அவருக்குக் கூலிக்கு நெய்தவர்களுக்கு மூன்று மாதக் கூலி போயிற்று. அவர்களில் சில பெண்கள் பஸ் ஏறி வந்து நம் வீட்டு வாசலில் நின்றார்கள். ஆடிட்டர் கையெழுத்து இருக்கிறது என்று நம்பித்தான் நெய்தோம் என்றார்கள். நான் ஆளுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த வாரம் வங்கி அதிகாரியும் இன்ஸ்பெக்டரும் ஓர் ஏட்டும் வந்தார்கள். காகிதத்தை உன் நைனாவின் முகத்துக்கு நேரே பிடித்து, இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார்கள். வாய் கோணிப்போன மனுஷன், ஒரு சொல்லுக்கு ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டு, “என்... து... இல்ல” என்றார். சால்வையை விலக்கிச் செத்த கையையும் காட்டினார். அவர் சொன்னது முழு உண்மை. ஒரு மனுஷனை உள்ளே தள்ள அந்த உண்மையே போதுமானதாக இருந்தது. எல்லோரும் முனிரத்தினத்தைப் பார்த்தார்கள். அவர் பதறிப்போய், “சார், அம்மாதான் சார் போடுவாங்க. மூணு வருஷமா அம்மாதான் போட்டுகினு இருக்காங்க” என்றார்.

நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். கையில் கரண்டி, விரலெல்லாம் மஞ்சள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி தலையைக் குனிந்துகொண்டு, “எனக்குக் கணக்கு வழக்கு இன்னா சார் தெரியும்? நான் சோறு வடிக்கிறவ” என்றேன். இன்ஸ்பெக்டர் சிரித்தார். வங்கி அதிகாரியும் சிரித்தார். “பழி போட உனக்கு வேற ஆளே கெடைக்கலியாடா?” என்று கேட்டு ஏட்டு முனிரத்தினத்தின் கன்னத்தில் அறைந்தார். அவர் கண்ணாடி என் காலடியில் வந்து விழுந்தது. அவர் உன் நைனாவைப் பார்த்தார். உன் நைனா கண்ணை மூடிக்கொண்டார். ஒரு காகிதத்தையும் பேனாவையும் என்னிடம் கொடுத்து எழுதிக் காட்டு என்று சொல்ல அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தோன்றாது என்று எனக்குத் தெரியும். அதை நம்பித்தான் அவ்வளவு தைரியமாக நின்றேன். அவர்கள் போன பிறகு கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன், ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது. குப்பையில் போட்டேன்.

முனிரத்தினம் நாற்பது நாள் உள்ளே இருந்தார். கேஸ் ஒன்பது வருடம் நடந்தது. கடைசியில், இது இவருடைய எழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று விட்டுவிட்டார்கள். அப்படியானால் யாருடையது என்று அப்போதும் யாரும் கேட்கவில்லை. அந்த ஒன்பது வருடத்தில் எந்த ஆபீஸும் அவரைப் படியேற விடவில்லை. அவர் பெண்ணுக்கு நிச்சயமான கல்யாணம் நின்றது. அது நின்ற வாரம்தான் நீ ஆடிட்டர் பரீட்சையில் பாஸானாய். நான் தெருவெல்லாம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தேன். பொங்கலை வாங்கிக்கொண்ட பூக்காரிதான் கல்யாணம் நின்ற சேதியைச் சொன்னாள். நான் அவளுக்கு இன்னொரு கரண்டி வைத்தேன்.

முனிரத்தினம் உள்ளே போன பிறகு உன் நைனா இரண்டு வருடம் இருந்தார். அந்த இரண்டு வருடத்தில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. “முனிரத்தினம்... வூட்டுக்கு... கூட்டினு போ.” வாரத்தில் இரண்டு முறையாவது கேட்பார். ஆட்டோ வரவில்லை என்று சொல்வேன். நம் வீட்டுக்கு எதிரில்தான் ஆட்டோ ஸ்டாண்டு. அவர் படுத்திருந்த கட்டிலிலிருந்து ஜன்னல் வழியாக நாலு ஆட்டோ வரிசையாக நிற்பது தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே கேட்பார், நானும் அதைப் பார்த்துக்கொண்டே வரவில்லை என்பேன். சாகிற அன்று காலையிலும் கேட்டார். அதே பதிலைத்தான் சொன்னேன். நீ மாலை போட்டு வைத்திருக்கும் படத்தில் இருக்கிற மனுஷனின் கடைசி ஆசை அது.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறாய், திருந்திவிட்டாயா என்று நீ கேட்கலாம். திருந்தவில்லை. போன வியாழக்கிழமை கலைவாணி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்டாள். “அம்மா, ஆடிக் கிருத்திகை அன்னிக்கு நான் சாருக்கு போன் பண்ணப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்க. சாரு உங்களாண்ட அப்பளம் கேட்டாரு, எனக்குக் காதுல வுழுந்துச்சு. அத மட்டும் வந்து சொன்னீங்கன்னா போதும்மா.” அவள் அழவில்லை, காலில் விழவில்லை. என் வாய் தானாகத் திறந்தது. “எனக்குக் கணக்கு வழக்கு இன்னாம்மா தெரியும்?” என்றேன். அதே குரல், அதே குனிந்த தலை. இருபத்திரண்டு வருடம் கழித்தும் ஒரு சொல் மாறவில்லை. “நான் கணக்கு கேக்கலியேம்மா. அப்பளம்தான கேட்டேன்” என்றாள். டம்ளரை அப்படியே மேசையில் வைத்துவிட்டு ரயிலுக்குப் போய்விட்டாள். டம்ளர் நிறைய தண்ணீர் இருந்தது.

மறுநாள் காலை அரக்கோணம் போனேன். ஸ்டேஷன் பக்கத்தில் வண்டி நிறுத்துகிற இடத்தில், தகரக் கூரைக்குக் கீழே முனிரத்தினம் சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் அங்கே இருப்பது எனக்குப் பல வருடமாகத் தெரியும். அதனால்தான் அந்த ஸ்டேஷன் பக்கமே நான் போவதில்லை. அட்டைச் சீட்டில் வண்டி நம்பரை எழுதிக் கிழித்துக் கொடுக்கிற வேலை. எழுத்து அப்படியே இருந்தது. ஒவ்வொரு ஏழுக்கும் நடுவில் ஒரு சின்னக் கோடு போடுவார், இப்போதும் போட்டார். தலை நிமிராமல் “வண்டி இன்னா வண்டி?” என்று கேட்டார். பதில் வராததால் நிமிர்ந்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. “முனிரத்தினம், நான் எல்லாத்தையும் எழுதிக் குடுக்கப் போறேன்” என்றேன். “ஆங்” என்றார். “எழுதுங்க.” பிறகு, “இப்ப யாருக்காவ எழுதறீங்க?” என்று கேட்டார். கலைவாணி என்று ஒரு பெண், அவளையும் அதே மாதிரி என்று ஆரம்பித்தேன். “அப்ப எனக்கில்ல” என்றார். “உனக்கும்தான்” என்று சொன்னேன், அது எனக்கே காதில் ஏறவில்லை. அவர் அடுத்த சீட்டில் நம்பர் எழுத ஆரம்பித்துவிட்டார். “வழிய வுட்டு நில்லுங்கம்மா. ரயிலுக்கு நேரமாவுது, ஜனங்க நின்னுகினு இருக்காங்க.” நகர்ந்து நின்றேன். ஒரு ரயில் போகும் வரை நின்றேன். அவர் மறுபடி என் பக்கம் பார்க்கவில்லை. மன்னிப்பு கிடைத்தது என்று உனக்கு எழுத முடியுமானால் நன்றாக இருக்கும். கிடைக்கவில்லை. கிடைக்காததுதான் நியாயம்.

அங்கிருந்து கலைவாணி வீட்டுக்கு நடந்தே போனேன். அவள் வீட்டு மேசையில் உட்கார்ந்து விசாரணைக் குழுவுக்கு எழுதினேன். முதல் பக்கத்தில் ஆடிக் கிருத்திகை: போன், ஸ்கூட்டர் நம்பர், உன் இடது கை, அப்பளம். அடுத்த பக்கங்களில் இருபத்திரண்டு வருடத்துக்கு முன் நான் செய்தது. கிழவி ஏதோ உளறுகிறாள் என்று மறுபடியும் யாராவது சிரிப்பார்கள். அதனால் கடைசிப் பக்கத்தில் உன் நைனாவின் கையெழுத்தை வரிசையாக மூன்று முறை போட்டேன். கொக்கி, அலை, இரண்டு புள்ளி. பழைய கேஸ் கட்டில் இருப்பதோடு வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். கை ஒன்றையும் மறக்கவில்லை. அதன் ஒரு நகல் முனிரத்தினத்துக்குப் போகிறது, அதை வைத்து அவர் என்மேல் எந்தக் கேஸ் வேண்டுமானாலும் போடலாம். திங்கட்கிழமை பத்தரை மணிக்கு நான் கலைவாணியோடு அந்த அலுவலக வாசலில் இருப்பேன். நீ பொய் சொன்னால், உனக்குப் பின்னால் உள்ளே வந்து நான் உண்மையைச் சொல்வேன்.

உன் பட்டம் போகலாம். வீட்டுக் கடன் பாக்கி எவ்வளவு என்று எனக்குத் தெரியும், பேத்தியின் பள்ளிக்கூடப் பணம் எவ்வளவு என்றும் தெரியும். உன் மனைவி இனி என் வாசற்படி மிதிக்க மாட்டாள். இவ்வளவையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பெற்றவளே இப்படிச் செய்வாளா என்று நீ கேட்பாய். முனிரத்தினத்தின் பெண்ணையும் ஒருத்தி பெற்றிருந்தாள்.

இன்னொன்று. உன் கையெழுத்தும் எனக்கு வரும். நான்கு நாள் ஆயிற்று. உன் நைனாவுடையதைவிடச் சுலபம், அவசரத்தில் போடுகிற கை, பாதி எழுத்துதான் இருக்கிறது. இந்த உறைக்குள் இன்னொரு தாள் வைத்திருக்கிறேன், பார். “கலைவாணி தடுத்தும் கேட்காமல் அந்தச் சான்றுக்கு நானே கையெழுத்திட்டேன்” என்று உன் பெயரில் நான்தான் எழுதினேன். கீழே நானே போட்டு அனுப்பியிருந்தால், அது உன்னுடையது இல்லை என்று நீயே சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். பேனாவைத் திறந்து அந்த இடத்தில் வைத்தும் பார்த்தேன். பிறகு மூடிவிட்டேன். இந்த வீட்டு ஆண்களுக்காக நான் போட்ட கையெழுத்துகள் போதும்.

அந்தத் தாளில் உன் பெயருக்கு மேலே இடம் விட்டிருக்கிறேன்.

அம்மா